ஊர்க்கோழியின் குலம்

வெள்ளை லெகோன் கோழி முட்டையை மிகுதியாக இடும். ஆயின், அடைகிடக்கும் இயல்பை அஃது ஏறக்குறைய இழந்துவிட்டது. இலங்கையின் வளவுகளில் உலாவும் ஊர்க்கோழியோ, முட்டை குறைவாக இடினும், 21 நாட்கள் அடைகிடந்து குஞ்சு பொரிக்கின்றது. பருந்தின் நிழல் கண்டதும் அவற்றைச் சிறகினுள் ஒடுக்கிக் காக்கின்றது. இக்குணத்தைப் பேணுவது வளர்ப்போர் கடன்.

ஆயினும், பல வீடுகளில் நிகழ்வது யாது? பருத்த சேவல் சந்தைக்குச் செல்கின்றது. மெலிந்தது வளவில் தங்குகின்றது. அவ்வொரு சேவலே ஆண்டுதோறும் தன் வழிவந்த பேடுகளுடன் இணைகின்றது. நாளடைவில் கூழ்முட்டை மிகுகின்றது. பொரித்த குஞ்சுகளும் வலுவிழக்கின்றன. வீட்டார் தீவனத்தை நோவர், கோளை நோவர். குற்றம் அவற்றின்பால் இல்லை.

பரிகாரம் எளிது. பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதும். நன்கு அடைகிடக்கும் பேட்டின் முட்டைகளையே அடைக்கு வைத்தல் வேண்டும். ஏழாம் நாள் இருளில் விளக்கொளிக்கு எதிரே பிடித்தால், கருவுற்ற முட்டையில் செந்நரம்புகள் தோன்றும், தெளிந்திருப்பதை நீக்கிவிடலாம். ஆண்டுக்கொருமுறை அயலூராருடன் சேவலை மாற்றிக்கொள்ளுதல் நலம். புதிதாய் வந்ததை இரு வாரம் தனியே வைத்துப் பின்னரே ஏனையவற்றுடன் சேர்க்க வேண்டும்.

விற்ற சேவலின் பணம் ஒரு வாரத்திற் செலவாகும். நிறுத்திய சேவலின் குணம் பல்லாண்டு வளவில் நிற்கும்.