மரக்காலுக்கு முத்திரை கேட்டவர்கள்



ஊரோடு ஒத்துவாழாத மனிதர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அப்படி ஒருவரைத் தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. நம் கீழத்தஞ்சையிலேயே மணலூர் மணியம்மை இருந்தார். பேரைச் சொன்னதும் சிலருக்குப் பெரியாரின் துணைவியார் நினைவுக்கு வருவார். அவர் வேறு, இவர் வேறு.

பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இளவயதிலேயே கணவனை இழந்தவர். கைம்பெண் என்றால் தலையை மழித்து, நார்மடி உடுத்தி, கொல்லைப்புறம் ஒதுக்கிய காலம் அது. இந்த அம்மா என்ன செய்தார்? ஆண்களைப் போலக் கிராப்பு வெட்டிக்கொண்டார். வேட்டி கட்டினார், அரைக்கைச் சட்டை போட்டார், தோளில் துண்டு போட்டுக்கொண்டார். சிலம்பம் பழகினார். முதலில் காங்கிரசில் இருந்தார், பிறகு கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தார்.

கிராப்பு என்றதும் நமக்குக் கைதட்டத் தோன்றுகிறது. தட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மிராசுதாரின் தூக்கத்தைக் கெடுத்தது அந்தக் கிராப்பு அல்ல. அக்கிரகாரத்து அம்மா சேரிக்குள் போய் உட்கார்ந்தாரே, அதுதான் கெடுத்தது.

சேரி அன்றைக்கு எப்படி இருந்தது? பண்ணையாள் வேலைக்குப் பிந்தி வந்தால் சாட்டையடி. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். அதற்குச் சாணிப்பால் என்று பெயர் வேறு! அடித்துத் தூற்றிய நெல் களத்தில் குவிந்து கிடக்கும். அளக்க வரும்போது மரக்காலிலேயே சூது. பண்ணைக்கு வாங்க ஒரு மரக்கால், கூலி கொடுக்க அதைவிடச் சின்னதாய் இன்னொன்று. அரசு முத்திரை போட்ட மரக்காலில் அளந்து கொடு என்று விவசாயிகள் சங்கம் கேட்டது. இது சின்னக் கோரிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கு மரக்காலுக்கு முத்திரை கேட்கிறவன் நாளைக்கு நிலத்துக்குக் கணக்குக் கேட்பான். மிராசுதாருக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

கன்னடத்துக்காரரான பி. சீனிவாசராவ் 1943-ல் தென்பரையில் அந்தச் சங்கத்தைத் தொடங்கிவைத்தார். சாட்டையடியும் சாணிப்பாலும் கூடாது என்று 1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தம் எழுதினார்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே வந்தது. தாள் மேலிருந்து வரும், சரி. அதை வரப்பு வரைக்கும் கொண்டுபோக ஆள் வேண்டாமா? நாகை, திருவாரூர் பக்கத்துச் சேரிகளில் அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் நம் மணியம்மை.

சட்டம் வந்த மறு வருஷம், 1953-ல், பூந்தாழங்குடியில் வளர்ப்பு மான் ஒன்று முட்டி இறந்துபோனார். அடியாட்களுக்கு அஞ்சாதவர் போயும் போயும் ஒரு மானால் போனார். அது ஏவிவிட்ட மான் என்று சொல்பவர்கள் உண்டு.

எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராகப் போய், அந்த அம்மாவைக் கண்ணால் கண்டவர்களைத் தேடி விசாரித்து, ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலை எழுதினார். பிள்ளைகளே, அன்றைக்கு அரைக்கால் சட்டையோடு அவர் பின்னால் ஓடிய சிறுவர்களுக்கு இன்றைக்கு எண்பது தாண்டியிருக்கும். வருகிற லீவில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எடுத்த எடுப்பில் மணியம்மையைப் பற்றிக் கேட்காதீர்கள். “தாத்தா, அப்போ களத்துல நெல்லை எப்படி அளந்தாங்க?” என்று கேளுங்கள்.