காரீயமும் இருதயமும்



ஊர்ப் புதினம் ஏதாவது பேசுங்கள் என்றுதான் கண்டியிலிருந்து வந்த என்னை உங்கள் லண்டன் சங்கத்தின் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். அதனால் என் ஊர்ப் புதினம் வெப்பத்தைப் பற்றியது. அது எப்படி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது என்ற கேள்வியை இன்று இரண்டு கூட்டத்தார் மிகத் தீவிரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருதய வைத்தியர்கள் ஒரு பக்கம். மயிரிழையிலும் மெல்லிய பொருள்களை ஆராய்கிறவர்கள் மறுபக்கம். இந்த இரண்டு ஆராய்ச்சியும் கண்டியைச் சுற்றியுள்ள மண்ணையும் மனிதரையும் நேரே தொடுகின்றன. ஆனால் அவற்றைச் செய்கிறவர்களில் நம் மலைநாட்டுப் பிள்ளைகள் மிகச் சிலர். அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் மண். கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் இறங்கினால் கேகாலை மாவட்டம். அங்கே போகல சுரங்கம் இருக்கிறது. வடமேற்கே குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ சுரங்கம். இரண்டிலும் எடுப்பது காரீயம், பள்ளிக்கூடத்தில் பென்சிற்கரி என்று படித்தோமே, அதுதான். உலகின் பல நாடுகளில் காரீயம் பாறைக்குள் செதில் செதிலாகச் சிதறிக் கிடக்கும். பாறை வெடிப்புகளில் நாளம் நாளமாக, 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட தூய்மையுடன், கட்டியாகவே வெட்டி எடுக்கத்தக்க காரீயம் வணிக அளவில் கிடைக்கும் நாடு இலங்கை. இந்த லண்டன் மாநகரில், தேம்ஸ் கரையின் பற்றர்சீயில், மோர்கன் சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டில் நடத்திய மூசைத் தொழிற்சாலைக்கு நம் காரீயம் கப்பலில் வந்து இறங்கியது. உலோகம் உருக்கும் மூசைக்கு இரண்டு குணம் வேண்டும். கடும் சூட்டில் உருகக் கூடாது. சூட்டைச் சட்டென்று பரப்பவும் வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். காரீயத்துக்கு இரண்டும் உண்டு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் வார்ப்புத் தொழிலின் தேவையால் ஏற்றுமதி உச்சத்துக்குப் போனது. போர் முடிந்ததும் விலை விழுந்தது, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நாம் கட்டியாகக் கொடுத்தோம். அந்தக் கட்டிக்குள் வெப்பம் எப்படி ஓடுகிறது என்று கேட்டவர்கள் வேறு நாட்டவர்கள்.

அவர்கள் கண்டதைச் சொல்கிறேன். பிரான்சின் ஃபூரியே 1822இல் வெப்பக் கடத்தலுக்கு ஒரு விதி எழுதினார். சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு வெப்பம் பரவும். இடைவெளியில் வெப்பநிலை எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ, அவ்வளவு வேகமாகப் பாயும். உயர்தரத்தில் நாம் படித்ததும் இதையேதான். இரும்புக் கம்பிக்கும் சமையல் சட்டிக்கும் இது பிசகாது. பொருள் மிகச் சிறியதானால் பிசகும்.

காரணம் இது. உலோகமல்லாத திண்மங்களில் வெப்பத்தைச் சுமப்பது அணுக்களின் அதிர்வு. அந்த அதிர்வுப் பொட்டலங்களைப் போனோன் என்கிறார்கள். ஒரு போனோன் இன்னொன்றோடு மோதித் திசை மாறுமுன் ஓரளவு தூரம் நேராக ஓடும். சிலிக்கனில் அறை வெப்பநிலையில் அந்தத் தூரம் நூற்றுக்கணக்கான நனோமீற்றர் வரை போகும். கம்பியே அதைவிட மெலிந்திருந்தால் போனோன்கள் சுவரில் மோதிக்கொண்டேயிருக்கும், வெப்பம் தடைப்படும். 2008 ஜனவரியில் பெர்க்லி, கால்டெக் ஆகிய இரண்டு பல்கலைக்கழகக் குழுக்கள் 'நேச்சர்' இதழில் இதைக் காட்டின. மெல்லிய சிலிக்கன் கம்பிகளில் வெப்பக்கடத்தாறு சாதாரணச் சிலிக்கனைவிட ஏறத்தாழ நூறு மடங்கு குறைந்திருந்தது.

காரீயத்தின் காபனில் கதை தலைகீழ். மான்செஸ்டரில் கெய்மும் நொவோசெலோவும் 2004இல் காரீயத்திலிருந்து ஓரணுத் தடிப்புள்ள ஏட்டை உரித்தெடுத்தார்கள். அதன் பெயர் கிரஃபீன். 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் பாலன்டின் குழு 2008இல் அதன் வெப்பக்கடத்தாற்றை அளந்தது. பாடப்புத்தக அலகில் செம்புக்கு 400. கிரஃபீனுக்கு அவர்கள் பெற்றது சுமார் 5,000. பின்னால் வந்த அளவீடுகளில் சில இதைவிடக் குறைவு, ஆனால் பெரும்பாலானவை செம்பைத் தாண்டுகின்றன. 2020இல் யோ மச்சிடாவும் கூட்டாளிகளும் காரீயத் துண்டை மெலிதாக்க மெலிதாக்க அது வெப்பத்தைக் கூடுதலாகக் கடத்துவதைக் கண்டார்கள். 8.5 மைக்ரோமீற்றர் தடிப்பில் அறை வெப்பநிலையிலேயே 4,300. சிலிக்கன் மெலிந்தால் மந்தமாகிறது, காரீயம் மெலிந்தால் வேகம் பெறுகிறது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது எம்.ஐ.டி. குழுவின் வேலை. 2019இல், பூச்சியத்துக்குக் கீழே 150 பாகை செல்சியஸ் அளவிலான குளிரில், காரீயத்தில் வெப்பம் ஒலியலை போலப் பாய்வதைக் கண்டார்கள். இதற்கு இரண்டாம் ஒலி என்று பெயர். 2022இல் அதைப் பூச்சியத்துக்குக் கீழே 73 பாகை வரை கொண்டுவந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் தேருக்குப் போனவர்களுக்கு இது விளங்கும். வீதியில் தனித்தனியே நடக்கிற சனம் ஒருவரையொருவர் இடித்துத் திசை மாறித்தான் போகும். வடம் பிடித்த சனமும் இடிபடும், ஆனாலும் மொத்தமாக ஒரே பக்கம் நகரும். காரீயத்தில் போனோன்கள் மோதும்போது, கூட்டத்தின் மொத்த உந்தம் பெரும்பாலும் அழிவதில்லை. அதனால் வெப்பம் ஒரு திரளாகவே போகிறது. சூடாக இருந்த இடம் ஒரு கணம் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்தும் போகலாம். ஃபூரியேயின் விதி அதற்கு இடம் தராது.

இப்போது இருதயத்துக்கு வருகிறேன். இந்த அவையில் வைத்தியர்கள் பலர் இருக்கிறீர்கள், பிழை இருந்தால் திருத்துங்கள். இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய்க்கு ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்று பெயர். இரத்தம் அறைக்குள் தேங்கிக் கட்டிபடும். கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். போர்தோ நகரின் ஹைசகேர் 1998இல் 45 நோயாளிகளை ஆராய்ந்து, இந்தக் குழப்பத்தைத் தொடக்கும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் நாளங்களுக்குள்ளிருந்து வருகின்றன என்று காட்டினார். அன்றிலிருந்து தொடைநாளத்தின் வழியே மெல்லிய கதீற்றரை ஏற்றி, அந்த நாளங்களின் வாயைச் சுற்றிச் சூட்டு வளையம் போடுகிறார்கள். இதுதான் அப்லேஷன்.

கதீற்றர் முனையில் வினாடிக்குச் சுமார் 5 இலட்சம் முறை அலையும் மின்னோட்டம். அது நேரடியாகச் சூடாக்குவது முனையை ஒட்டிய ஓரிரு மில்லிமீற்றரை மட்டும். அதற்கப்பால் சூடு போவது கடத்தலால். ஏறக்குறைய 50 பாகை தாண்டினால் கலங்கள் மீளாமல் சாகும். 100 பாகையைத் தொட்டால் இழையத்துக்குள் நீராவி வெடிக்கும். இருதயத் தசையின் வெப்பக்கடத்தாறு அதே அலகில் சுமார் 0.5, தண்ணீருக்கு அருகில். ஓடுகிற இரத்தம் ஒரு பக்கம் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். இதையும் சேர்த்துக் கணக்கிட 1948இல் பென்ஸ், மனிதரின் முன்கையில் வெப்பநிலையை அளந்து ஒரு சமன்பாடு தந்தார். இன்றும் அதில்தான் பலர் தொடங்குகிறார்கள். இடது மேலறையின் சுவர் சில மில்லிமீற்றர் தடிப்பே. அதன் பின்னால் ஒட்டினாற்போல் உணவுக்குழாய். சூடு கொஞ்சம் கூடிப் போனால் அங்கே புண்ணாகி, மிக அரிதாக இருதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளை விழும். உயிருக்கே ஆபத்து. வைத்தியர் எத்தனை கைதேர்ந்தவராக இருந்தாலும் சூடு எங்கே நிற்கும் என்பதை அவருடைய கை தீர்மானிப்பதில்லை, பௌதிகவியல் தீர்மானிக்கிறது.

அதனால்தான் சூடே இல்லாத வழியைத் தேடினார்கள். மிகக் குறுகிய உயர் அழுத்த மின் துடிப்புகள் கலத்தின் மென்சவ்வில் துளையிட்டு அதைச் சாகடிக்கும். உணவுக்குழாயையும் நரம்பையும்விட இருதயத் தசைக் கலம் இதற்கு எளிதில் இரையாகும். அமெரிக்காவில் 607 பேரிடம் நடந்த 'அட்வென்ட்' ஆய்வு 2023இல் வெளியானது. ஓராண்டின் முடிவில் சிகிச்சை வெற்றி துடிப்பு முறையில் 73.3 சதவீதம், சூடு அல்லது குளிர் முறையில் 71.3. புதிய முறை பழையதற்குக் குறைந்ததில்லை என்பதே முடிவு. அதற்கும் தனித் தொல்லைகள் உண்டு, சிவப்பணுக்கள் சிதையலாம், இருதய நாடி சுருங்கலாம். நெடுங்காலப் பலன் இனிமேல்தான் தெரியவரும்.

காரீயமும் இருதயமும் ஒரே மேசையில் சந்தித்த ஆய்வொன்றும் அதே 2023இல் வந்தது. அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன், டெக்சஸ் ஆஸ்டின் பல்கலைக்கழகங்கள் கிரஃபீன் ஏட்டைப் பச்சை குத்தியதுபோல் எலியின் இருதயத்தில் ஒட்டி, துடிப்பின் பிழையைக் கண்டறியவும் மின்தூண்டலால் அதைச் சீர்செய்யவும் முடியும் என்று காட்டின. மனிதருக்கு வர இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

இவற்றைக் கேட்டதும் என் மனம் கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போகிறது. நம் சனத்துக்கு அது பெரியாஸ்பத்திரி. ஹற்றன், நாவலப்பிட்டி, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வந்து இருதயக் கிளினிக்கில் காத்திருக்கும் பெண்களில், வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களும் உண்டு. சின்ன வயதில் வந்த தொண்டை நோ, நெருக்கமான லயத்து அறைகளில் எளிதில் பரவும் கிருமி. சரியாக மருந்தில்லாமல் போனால் வாதக் காய்ச்சல், பிறகு வால்வு சுருங்கி இடது மேலறை வீங்கி, அதே ஏட்ரியல் பிப்ரிலேஷன். லண்டனில் 70 வயதில் வரும் நோய் இவர்களுக்கு 35 வயதில், பிள்ளை பெறும் வயதில் வருகிறது.

இவர்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு 2022இல் வந்தது. பெயர் 'இன்விக்டஸ்'. 24 நாடுகள், 4,531 நோயாளிகள். அதை முன்னின்று நடத்தியவர்களில் டில்லி எய்ம்ஸைச் சேர்ந்த கணேசன் கார்த்திகேயனும் ஒருவர். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுப்போம், அதற்கு அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், தோட்டத்துப் பெண்ணுக்கு அரை நாள் சம்பளம் போய்விடும். இப்படி வால்வு கெடாத நோயாளிகளிடம் புதிய மாத்திரைகள் வார்ஃபரினுக்கு நிகராக அல்லது மேலாக நின்றன. வாதக் காய்ச்சல் நோயாளிகளுக்கும் அப்படியே இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அளந்து பார்த்தபோது பழைய மருந்துவகைதான் மரணத்தைக் குறைத்தது, புதிய மாத்திரையான ரிவரோக்சபான் அல்ல. வேறொருவரின் உடலில் கண்ட உண்மை நம் ஆட்களின் உடலுக்குப் பொருந்தவில்லை. அளக்காமல் விட்டிருந்தால் வசதியான மாத்திரையைக் கொடுத்து ஆட்களை இழந்திருப்போம்.

உகண்டாவில் 818 பிள்ளைகளிடம் நடந்தது இன்னொரு ஆய்வு. வால்வில் நோயின் தொடக்கக் குறி மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு நான்கு கிழமைக்கொருமுறை பென்சிலின் ஊசி போட்டார்கள். இரண்டு ஆண்டில் ஊசி போட்டவர்களில் நோய் முற்றியது 0.8 சதவீதம், போடாதவர்களில் 8.2. எவ்வளவு மலிவான மருந்து! குறியைக் கண்டுபிடிக்க, இருதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ கருவியும் அதைப் பார்க்கத் தெரிந்த கையும் பாடசாலைவரை போக வேண்டும், அதுதான் கடினம். இருதயத்துக்குள் சூட்டு வளையம் போடும் நிலைக்கு ஒரு பிள்ளை வராமலிருக்க, அந்தப் பிள்ளையின் தொண்டை நோவை இன்றே கவனிக்க வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன்.

வேறிடத்து அளவை நம்பாமல் நம்முடையதையே அளக்க வேண்டும் என்ற நியாயம் காரீயத்துக்கும் பொருந்தும். எம்.ஐ.டி.யிலும் ரிவர்சைடிலும் கிடைத்த எண்கள் அவர்கள் கையிலிருந்த மாதிரிகளின் எண்கள். போகல நாளத்திலிருந்து வெட்டிய கட்டியின் படிக ஒழுங்கு வேறு, அதிலுள்ள மாசு வேறு. அதற்குள் போனோன் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அந்தக் கட்டியையே அளந்துதான் சொல்ல முடியும். கைத்தொலைபேசியின் சூட்டைப் பரப்ப இன்று காரீயத் தகடுகள் போடுகிறார்கள். நாளக் காரீயத்தை அதற்கேற்பப் பதப்படுத்தத் தெரிந்தவன் கட்டி விற்கமாட்டான்.

கண்டியில் இதற்கு இடம் இருக்கிறது. ஹந்தானை வீதியில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம். 1981இல் சட்டத்தால் தோன்றியது, நாசாவில் சந்திர மண்ணை ஆராய்ந்த சிறில் பொன்னம்பெரும அதன் பணிப்பாளராக இருந்தார். அங்கே கீர்த்தி தென்னகோனின் குழு 1995இல், நனோத் துளைகள் கொண்ட தைத்தேனியம் ஒட்சைட்டுப் படலத்தில் சாயமூட்டி, திரவமே இல்லாத சூரியக்கலம் ஒன்றைச் செய்து காட்டியது. உலகெங்கும் அதை மேற்கோள் காட்டினார்கள். காரீயத்தைத் தூய்மையாக்கி இலிதியம் மின்கலத்துக்கு ஏற்றதாக்கும் வேலையும் அங்கே நடந்து வருகிறது. அருகிலேயே பேராதனைப் பல்கலைக்கழகம், 1952 முதல் அந்த வளாகத்தில். அதன் மருத்துவ பீடம் 1962இல் வந்தது. மருத்துவ பீடமும் பௌதிகவியல் துறையும் ஒரே வளாகத்தில். இப்படியொரு அயல் உலகில் எத்தனை ஊருக்கு உண்டு?

குறை வேறு இடத்தில் இருக்கிறது. மலையகத்தில் உயர்தர கணித, விஞ்ஞானப் பிரிவுகள் உள்ள தமிழ்ப் பாடசாலைகள் போதாது. இருக்கும் பாடசாலைகளிலும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத தவணைகள் உண்டு. கொழுந்து பறிக்கும் தாயின் மகள் கெட்டிக்காரியாக இருந்தும் கலைப் பிரிவுக்குப் போகிறாள், அவள் விரும்பியதனால் அல்ல.

சங்கத்திடம் நான் கேட்பது மூன்று. மலையகப் பாடசாலை ஒன்றில் உயர்தரப் பௌதிகவியல், இரசாயனவியல் ஆசிரியர் இருவருக்கு ஐந்து ஆண்டுச் சம்பளம். பேராதனையில் முதுமாணி ஆய்வு செய்யும் ஒரு மாணவிக்கு அல்லது மாணவனுக்கு, போகல காரீயத்தின் வெப்பக்கடத்தலை அளக்க, ஆண்டுதோறும் ஒரு புலமைப்பரிசில். எடுத்துச் செல்லத்தக்க எக்கோ கருவி ஒன்று, கூடவே விடுமுறைக்கு ஊர் வரும் இருதய வைத்தியர்கள் நம் வைத்தியர்களோடு சேர்ந்து தோட்டப் பாடசாலைகளில் செலவிடும் ஒரு கிழமை. சுகாதார அமைச்சின் அனுமதி பெறும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கணக்கு விபரங்களை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். உணவு இடைவேளையில் பின்மண்டபத்தில் இருப்பேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அங்கே என்னைச் சந்தியுங்கள், குறிப்பாக இந்த முன்வரிசைப் பிள்ளைகள். அளக்கிற வேலைக்கு உங்கள் வயதுக் கைகள்தான் வேண்டும்.