துப்பாக்கி முனையில் பூத்த மலர்

தோழர்களே!

1974-ஆம் ஆண்டின் போர்ச்சுகலை எண்ணிப் பாருங்கள். 1926-இல் இராணுவம் அங்கே ஆட்சியைப் பறித்தது. பின்னர் சலசார் வந்தார். அவருக்குப் பின் கயத்தானோ வந்தார். ஆள் மாறினார், அடக்குமுறை மாறவில்லை. 48 ஆண்டுகள்! பேசினால் சிறை; எழுதினால் தணிக்கை; இளைஞனாயிருந்தால் ஆப்பிரிக்கப் போர்க்களம்!

1961-இல் அங்கோலாவிலே மூண்ட போர், கினியாவுக்கும் மொசாம்பிக்குக்கும் பரவிற்று. எவருடைய விலங்கைக் காக்க நாம் சாகிறோம் என்ற கேள்வி, அடக்கச் சென்ற படையினரின் நெஞ்சிலேயே எழுந்தது.

ஏப்ரல் 25! நள்ளிரவு கடந்ததும் வானொலியில் ஒரு பாடல் ஒலித்தது. அதுவே புறப்படுவதற்கான சைகை. இளம் அதிகாரிகள் லிஸ்பனைக் கைப்பற்றினர். வீட்டிலிருங்கள் என்றனர்; மக்களோ வீதிக்கு வந்தனர், துப்பாக்கி முனையிலே செம்மலர் செருகினர்! மாலையிலே பணிந்தார் கயத்தானோ. எனினும், இரகசியப் போலீசார் சுட்டதில் நால்வர் மாண்டனர். மலரைப் பாடுவோர் அந்த நால்வரை மறத்தல் ஆகாது.

ஜூலையில் குடியேற்ற நாடுகளின் விடுதலை உரிமை ஏற்கப்பட்டது. செப்டம்பரில் கினி-பிசாவின் விடுதலையை லிஸ்பன் ஒப்புக்கொண்டது. 1961-இலேயே இந்தியாவோடு இணைந்துவிட்ட கோவாவைப் பதின்மூன்று ஆண்டுகள் தனதென்றே சாதித்த அரசு, டிசம்பர் 31-இல் உண்மைக்குக் கையொப்பமிட்டது!

பிறரைச் சிறைவைத்தவன், காவலனாக அதே சிறையில் கிடந்தான். கதவு திறந்தது, இருவரும் வெளியேறினர். 1975, அதே ஏப்ரல் 25-இல் மக்கள் வாக்களிக்க வரிசையில் நின்றனர்.

மலர் வாடும், தோழர்களே! வாக்குரிமை வாடாது, நாம் காத்து நின்றால்!