எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்

இன்று மயக்கவியலில் பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் நோயாளியின் வீட்டார் சர்ஜனைத்தான் கைகூப்பிக் கும்பிடுவார்கள். உங்கள் முகம் பலருக்கு நினைவில்கூட இருக்காது. 'ஒன்றும் ஆகவில்லை' என்பதுதான் உங்கள் துறையின் வெற்றி. அந்த வெற்றியை எப்படி அளப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

ஒரு பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். 1956-ல் ஹாலோதேன் என்ற மயக்க மருந்து புழக்கத்துக்கு வந்தபோது மருத்துவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். மற்ற மயக்க மருந்துகளான ஈதரைப் போலவோ சைக்ளோபுரொப்பேனைப் போலவோ அது தீப்பற்றாது. ஆனால் சில ஆண்டுகளிலேயே, ஹாலோதேன் கொடுக்கப்பட்ட சிலர் கல்லீரல் திசு அழிந்து இறந்ததாகச் செய்திகள் வரத் தொடங்கின. மருந்தைக் கைவிடுவதா, வைத்துக்கொள்வதா?

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் குழு அமைத்தது. ஹார்வர்டின் ஃபிரெடரிக் மாஸ்டெல்லர் முதலான புள்ளியியலாளர்கள் மருத்துவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். 1959 முதல் 1962 வரை 34 மருத்துவமனைகளில் நடந்த சுமார் 8.5 லட்சம் அறுவை சிகிச்சைகள் கணக்கில் வந்தன. இறந்தவர்களின் பதிவுகளோடு, எல்லா அறுவை சிகிச்சைகளிலிருந்தும் ஒரு மாதிரியை எடுத்து ஒப்பிட்டார்கள். எல்லா மயக்க மருந்துகளையும் சேர்த்து, உயிரைப் பறித்த அந்தக் கடுமையான கல்லீரல் பாதிப்பு 82 பேருக்கே இருந்தது.

சைக்ளோபுரொப்பேன் பெற்றவர்களில் இறப்பு அதிகமாக இருந்தது. உடனே மருந்தின் மேல் பழி போட்டுவிடலாமா? ரத்தம் இழந்து பி.பி. விழுந்து வந்தவர்களுக்குத்தான் அந்நாளில் அதைப் பெரிதும் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே வயது, உடல்நிலை, அறுவை சிகிச்சையின் வகை ஆகியவற்றைச் சமன்செய்த பிறகே ஒப்பிட்டார்கள். ஹாலோதேன் மற்றவற்றைவிட மோசமில்லை என்று தெரிந்தது. கல்லீரல் ஆபத்து பொய்யல்ல, மிக அரிது.

தேடாத ஒன்றும் கிடைத்தது. மருத்துவமனைக்கு மருத்துவமனை இறப்பு விகிதம் பெரிதும் வேறுபட்டது. நோயாளிகளின் நிலையைச் சமன்செய்தபின் வேறுபாடு குறைந்தது, மறையவில்லை. எந்த மருந்து என்று கேட்கப் போனவர்கள், எந்த மருத்துவமனை என்ற கேள்வியோடு திரும்பினார்கள். சிகிச்சைத் தரத்தை அளக்கும் ஆய்வுகளுக்கு அது பெரிய தூண்டுதலானது.

'முந்நூறு கேஸ் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஆனதில்லை' என்று நாளை நீங்களும் சொல்லக்கூடும். அப்போது 3-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 300 பேரில் ஒருவருக்கும் கெடுதல் வரவில்லை என்றால், உண்மையான ஆபத்து 100-ல் 1 வரை இருக்க இன்னும் இடமுண்டு. 95 விழுக்காடு நம்பிக்கையோடு அவ்வளவுதான் சொல்ல முடியும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் விபரீதத்தை, ஆண்டுக்கு 500 கேஸ் பார்ப்பவர் இருபது ஆண்டுகளில் சராசரியாக ஒருமுறைதான் சந்திப்பார். தனி ஒருவரின் அனுபவம், எவ்வளவு நீண்டதானாலும், இங்கே போதாது. பலரின் பதிவுகள் ஒன்றுசேர வேண்டும்.

அந்தப் பதிவு உங்கள் கையில் இருக்கிறது. ஆபரேஷனின்போது பல்ஸையும் பி.பி.யையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கும் அந்த ஒற்றைத் தாளைச் சொல்கிறேன். கேஸ் முடிந்தபின் ஞாபகத்திலிருந்து நிரப்பினால் புள்ளிகள் எல்லாம் அழகாக ஒரே சீரில் அமைந்துவிடும். நடுவில் சரிந்து எழுந்த பி.பி. காணாமல் போய்விடும். நாளைக்கு ஆயிரம் தாள்களைச் சேர்த்து ஆராய்பவர், இல்லாத நிம்மதியைத்தான் கண்டுபிடிப்பார்.

ஆகவே இளம் மருத்துவர்களே, சரிந்ததைச் சரிந்தது என்றே எழுதுங்கள். விபரீதங்களை மட்டுமல்ல, நலமாக வீடு திரும்பியவர்களையும் எண்ணுங்கள். மொத்தம் எத்தனை பேர் என்று தெரியாமல் இறந்தவர்களை மட்டும் எண்ணுவது கணக்காகாது. உங்கள் மருத்துவமனையின் எண்கள் பக்கத்து மருத்துவமனையைவிட மோசமாக இருந்தால் மூடி மறைக்காதீர்கள், காரணம் கேளுங்கள். உங்களை நம்பிக் கண்மூடுகிறவர்களுக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமை அது.