ஓவர்டைம் பூஜ்யம் ஆன மாதம்

(சென்ற மாத இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வளைகுடாத் தொழிலாளரும் தொழில்நுட்பமும்’. அவ்வளவு பெரிய தலைப்பை நான் தாங்கமாட்டேன். ஒரே ஒரு ஃபைலைப் பற்றி மட்டும் பேசுறேன். 1993இல் ருவைஸிலிருந்து அபுதாபிக்கு டெலிபோன் லைன் வழியாகப் போன ஃபைல் அது.

ருவைஸ் அபுதாபி நகரிலிருந்து மேற்கே சுமார் 240 கிலோமீட்டர். 1980களின் தொடக்கத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காக உருவான ஊர். எங்க அப்பா ராமநாதபுரத்திலிருந்து அங்கே போய் ஒரு கான்ட்ராக்டரிடம் டைம்கீப்பராக இருந்தார். ஃபோர்மேன் எழுதித் தரும் டைம்ஷீட்டை டாஸ் கம்ப்யூட்டரில் அடிக்கணும். மாதக் கடைசியில் மோடம் போட்டு அபுதாபி ஆபீசுக்கு அனுப்பணும். அங்கே இருந்தது யுனிக்ஸ் மெஷின். அதில்தான் சம்பளக் கணக்கு ஓடும்.

இரண்டும் வேறு வேறு சிஸ்டம். டாஸில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் இருக்கும். யுனிக்ஸில் ஒன்றுதான். அந்தக் கால மேக்கில் வேறொன்று. இப்படிப்பட்ட மெஷின்களைப் பேசவைக்க 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டா குரூஸும் பில் கேட்சிங்ஸும் ‘கெர்மிட்’ என்ற முறையை உருவாக்கினார்கள். பெரிய கம்ப்யூட்டரில் மாணவர்களுக்குக் கொஞ்சம் இடம்தான் கிடைக்கும். அவர்கள் தங்கள் ஃபைல்களைப் பிளாப்பியில் எடுத்துவைக்க ஒரு வழி வேணும். அதற்காகப் பிறந்தது. பெயர் மப்பெட் ஷோ தவளையின் பெயர்.

கெர்மிட் ஃபைலைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி அனுப்பும். ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் ஒரு சரிபார்ப்புக் கணக்கும் இருக்கும். சரியா வந்தா அந்தப் பக்கம் ‘வந்தது’ என்று சொல்லும். இல்லைன்னா ‘திரும்ப அனுப்பு’. 2400 மோடத்தில் நொடிக்கு அதிகபட்சம் 240 எழுத்து போகும். லைனில் இரைச்சல் வந்தா அதுவும் குறையும்.

அதில் டெக்ஸ்ட், பைனரி என்று இரண்டு முறை உண்டு. டெக்ஸ்ட் என்றால் வரிமுடிவை அந்தந்த மெஷினுக்கு ஏற்ப மாற்றும். பைனரி என்றால் இருப்பதை அப்படியே அனுப்பும். முந்தின நாள் அப்பா ஒரு புரோகிராமை பைனரியில் அனுப்பியிருந்தார். மறுநாள் டைம்ஷீட் அனுப்பும்போது மாற்ற மறந்துட்டார்.

ஃபைல் போச்சு. எல்லாப் பொட்டலத்துக்கும் ‘வந்தது’ என்று பதில் வந்தது. ஆனா ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு டாஸ் குறி ஒட்டிக்கொண்டே போயிருந்தது. வரியின் கடைசிப் பத்தி ஓவர்டைம். ‘46’ இருக்க வேண்டிய இடத்தில் 46ம் கூட ஒரு தெரியாத குறியும். சம்பள புரோகிராம் ‘இது எண் இல்லை’ என்று முடிவு செய்து பூஜ்யம் போட்டது. அந்த மாதம் யாருக்கும் ஓவர்டைம் இல்லை.

அப்போதிருந்த 1980ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரம் 48. அதற்குமேல் வேலை செய்தா 25 சதவீதம் கூடுதல். இரவு 9 முதல் காலை 4 வரை என்றால் 50 சதவீதம். ஊருக்கு அனுப்பும் பணத்தில் பெரிய பங்கு இதுதான். கேம்ப்பில் கத்தினார்கள். “டைம்கீப்பர் தின்னுட்டான்” என்றார்கள். அபுதாபியில் கேட்டா, “ஃபைல் ஒழுங்கா வந்திருக்கு, உங்க பக்கம் பாருங்க” என்ற பதில். மூன்றாம் வாரம் அங்கே ஒரு மலையாளி ஆபரேட்டர் சேட்டன்தான் குறியைக் கண்டுபிடித்தார்.

பாக்கி வந்தது, மூன்று மாதம் கழித்து, அப்போதும் சம்பளப் பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும். இடையில் விசா முடிந்து ஊர் போனவர்களுக்கு வரவே இல்லை. அப்பா கார்பன் காப்பியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். “போனவன் கணக்கு குளோஸ்” என்றார்கள்.

மறந்தது அப்பாதான். அவரும் அதை மறுத்ததில்லை. ஆனா கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். எண் புரியலைன்னா நிறுத்திக் கேள் என்று அந்த புரோகிராமுக்குச் சொல்லியிருக்கலாமே? பூஜ்யம் போடு என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கார். புரியாத இடத்தில் நஷ்டம் யாருக்குப் போகணும் என்பதை மெஷின் முடிவு செய்யலை.

இப்போ மோடம் இல்லை. 2009 முதல் எமிரேட்ஸில் சம்பளப் பாதுகாப்பு முறை இருக்கு. முதலாளி ஒரு சம்பளத் தகவல் ஃபைலைக் கொடுக்கணும். அது வங்கி அல்லது எக்ஸ்சேஞ்ச் வழியா மத்திய வங்கியின் அமைப்புக்குப் போகும். சம்பளமே தராமல் இழுத்தடிப்பதை இதில் பிடிக்க முடியும். இது நல்ல விஷயம், குறைச்சுச் சொல்லமாட்டேன். ஆனா அந்த ஃபைலில் இருப்பது தொகையும் நாட்களும். எந்த இரவு எத்தனை மணி வரை நின்றார் என்பது இல்லை. ‘வந்தது’ என்ற பதில் மெஷினிலிருந்து மெஷினுக்குப் போகுது. ‘சரியா இருக்கா?’ என்று தொழிலாளியை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தொழிற்சங்கத்துக்கு அங்கே அனுமதியும் இல்லை.

நம்ம குழுவில் ஓவர்டைம் பதிவுக்கு ஒரு ஆப் செய்யலாம் என்று பேச்சு இருக்கு. நான் எதிர்க்கலை. மூன்று விஷயம் மட்டும் கேட்டுக்கிறேன்.

ஒன்று, பதிவு தொழிலாளியின் கையில் இருக்கட்டும், நம்ம சர்வரில் வேண்டாம். கசிந்தா விமானம் ஏற்றப்படுவது அவர், நாம இல்லை. இரண்டு, அவர் பேசும் தமிழில், அவரிடம் இருக்கும் பழைய போனில் ஓடணும். மூன்று, ஆப் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தேதி, வந்த நேரம், போன நேரம், ஃபோர்மேன் பெயர் என்று நாலு கட்டம் போட்ட நோட்டு போதும். நம்ம குடும்பத்தில், ஊரில் யாராவது வளைகுடாவில் இருந்தா இந்த வாரமே போன் போட்டுச் சொல்லுங்க.

அப்பாவின் கார்பன் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கு. நீல மை மங்கிப்போச்சு. ஆனா 46 என்பது 46 என்றே தெரியுது. அதைத் திறக்க எந்த சிஸ்டமும் தேவைப்படலை.