சேறு சொன்ன சாட்சி
(ஆலைத் தொழிலாளரும் மீனவரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடல் பெரியது, எதைக் கொட்டினாலும் கரைத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதை ஜப்பானின் மினமாட்டா குடா உலகுக்குக் காட்டிற்று.

அந்தக் குடாக் கரையிலுள்ள சிஸ்ஸோ கம்பெனியின் ஆலையில் 1932 முதல் 1968 வரை அஸிட்டால்டிஹைடு என்னும் ரசாயனம் தயாரித்தார்கள். அதற்குப் பாதரசம் வினையூக்கி. கழிவு நீரோடு பாதரசமும் குடாவில் இறங்கிற்று. உலோகம் அழிவதில்லை, வண்டலோடு ஒட்டி அடியில் படிகிறது. கழிவிலிருந்த மெதில் பாதரசம் என்ற நஞ்சு மீனிலும் சிப்பியிலும் ஏறிற்று. மீன் தின்ற பூனைகள் வெறிபிடித்துச் செத்தன. மனிதர்களுக்குக் கைகால் மரத்தது, கண் மங்கியது, பேச்சுக் குழறியது. தாய் வயிற்றுச் சிசுவும் தப்பவில்லை. 1956 மே 1-ல்தான் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று.

குற்றவாளி யார்? சேறு சாட்சி சொல்லிற்று. 1959-ல் குமமோட்டோ பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது, ஆலைக் கால்வாயின் வாயிலே ஒரு டன் சேற்றில் சுமார் 2 கிலோ பாதரசம் இருந்தது! தள்ளிப் போகப் போக அளவு குறைந்தது. அதே ஆண்டு ஆலை ஆஸ்பத்திரி டாக்டர் ஹொசொகாவா, கழிவைத் தீனியில் கலந்து பூனைக்குக் கொடுத்தார். அதற்கும் அதே நோய் கண்டது. கம்பெனி அதை மூடி மறைத்தது. ஆலைதான் காரணம் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1968 செப்டம்பர் ஆயிற்று. 1973-ல் நீதிமன்றம் கம்பெனியைப் பொறுப்பாளியாக்கியது.

தோழர்களே, இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1959-ல் கழிவை நிறுத்து என்று மீனவர்கள் போராடியபோது, வேலை போய்விடும் என்றஞ்சிய ஆலைத் தொழிற்சங்கம் நிர்வாகத்தின் பக்கம் நின்றது. 1962-ல் கூலிப் போராட்டம் வந்தது. அதே நிர்வாகம் சங்கத்தைப் பிளந்தது. அப்போதுதான் கண் திறந்தது. நோயாளிகளுக்காகப் போராடாதது நமக்கு வெட்கம் என்று 1968 ஆகஸ்டில் சங்கமே தீர்மானம் போட்டது. ஒன்பது ஆண்டுகள் வீணாகிவிட்டன!

1977 முதல் 1990 வரை, சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேற்றை வாரியும், இருந்த இடத்திலேயே மூடியும் 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். செலவு சுமார் 4,850 கோடி யென். சேற்றைப் புதைக்கலாம், மாண்டவரை மீட்க முடியுமா?

ஆகவே நாம் கேட்போம்: கழிவுக் கால்வாய் வாயிலுள்ள சேற்றை ஆண்டுதோறும் சோதியுங்கள். முடிவை மீன் சந்தையிலும் ஆலை வாயிலிலும் எழுதி ஒட்டுங்கள். வேலையா, மீனா என்று நம்மை மோதவிடுவார்கள். அந்த வலையில் நாம் விழக்கூடாது. ஆலைக்குள் என்ன கொட்டப்படுகிறது என்பது தொழிலாளிக்குத் தெரியும். கடலில் என்ன சாகிறது என்பது மீனவருக்குத் தெரியும். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் உண்மையை எவரும் மறைக்க முடியாது.