துருத்தியிற் பிறந்த போன்மி

வானோடிகளைத் தரையிலேயே பழக்கும் ‘சிமுலேட்டர்’ என்னும் பொறியைப் போன்மி என்பேன். பெயர் நமது, ஆக்கம் பிறரது.

அமெரிக்காவின் பிங்காம்ப்டன் நகரில், எட்வின் இலிங்கு என்பார் தந்தையாரின் இசைக்கருவித் தொழிற்சாலைத் துருத்திகளைக் கொண்டே 1929இல் அதனைச் சமைத்தார். முதலில் வாங்கியவை கேளிக்கைத் திடல்களே! 1934இல் வான்படையினர் அஞ்சல் சுமந்தபோது, முகிலினுள் கருவி நோக்கிப் பறக்கும் பழக்கமின்றிப் பலர் மாண்டனர். அதன் பின்னரே படை ஆறு பொறிகளை வாங்கிற்று. எள்ளியவர்க்கு எத்துணை விலை!

இன்று தரச்சான்றில் ‘டி’ நிலையே உச்சம். அந்நிலைப் போன்மியில் தேறிய பட்டறிவுடைய வானோடி, புதுவகை வானூர்தியை முதன்முறை மெய்யாக ஓட்டும்போதே பின்னே பயணியர் அமர்ந்திருக்கக் கூடும். ஆதலின் போன்மியின் அசைவுகள் மெய்ப்பறப்பின் அளவீடுகளோடு ஒத்திட்டுப் பார்க்கப்பெறுகின்றன. சான்று பெற்ற பின்னும் காலந்தோறும் ஆய்வுக்குட்படுகின்றன.